முழங்கால் ஆழக் கடலும் முரண்டு பிடித்த சுக்கானும்

போர்ட்டிக்சனில் கடல் அவசரப்பட்டு ஆழமாவதில்லை. தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் இறங்கினால், கரையிலிருந்து வெகுதூரம் நடந்த பிறகும் முழங்காலைத் தாண்டாத இடங்கள் உண்டு. பிள்ளைகளைக் குளிக்க விடும் பெற்றோருக்கு அது நிம்மதி. படகு வைத்திருப்பவர்களுக்கோ அதுவே தலைவலி.

கோலாலம்பூரிலிருந்து காரில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்த ஊரை அறியாத தமிழ்க் குடும்பம் இந்த வட்டாரத்தில் இருக்காது. சிரம்பானிலிருந்து இங்கே 1891-லேயே ரயில் ஓடியது. பின்னாளில் தோட்டங்களிலிருந்து லாரியிலும் பேருந்திலும் ஆள்கள் வந்து இறங்கினார்கள். இன்றும் வார இறுதியில் மரத்தடியில் பாய் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழிக்கறியைப் பரிமாறும் குடும்பங்களைப் பார்க்கலாம். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்குக் கடலோடு உள்ள உறவு இடுப்பளவுத் தண்ணீரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கரையைத் திரும்பிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் குறைவு.

என் அப்பாவும் பார்க்காதவர்தான். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இந்தக் கடலுக்கு அவர் வந்ததெல்லாம் இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிவர. மற்றொன்று, இறந்தவர்களின் அஸ்தியைக் கரைக்க. தாத்தா, பாட்டி, கடைசியாக அம்மா. "ஒரு தடவையாவது அந்த முனையைக் கடல் பக்கத்திலிருந்து பார்க்கணும் ஐயா" என்று அவர் சொன்னது அம்மாவின் காரியம் முடிந்த பிறகுதான். அவர் கைகாட்டியது தஞ்சோங் துவானை.

பலகை உயர்ந்தால்தான் கரை

எனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் சேர்த்து ஒரு சிறிய பாய்மரப் படகு இருக்கிறது. 18 அடி நீளம், கண்ணாடி இழையால் ஆனது, பழையதாக வாங்கியது. ட்ரெய்லரில் ஏற்றி, நண்பரின் பிக்கப்பில் கட்டி இழுத்துச் செல்லலாம். மரினாவில் மாத வாடகை கொடுத்து நிறுத்த வேண்டியதில்லை. வீட்டு வாசலில் உறங்கும், விடுமுறை நாளில் கடலுக்கு வரும்.

இப்படிப்பட்ட படகுகளின் ரகசியம் அடிப்பகுதியில் இருக்கிறது. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு வழுக்கிப் போகாமல் இருக்க, நடுவில் ஒரு பலகை தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். பின்புறம் திசை திருப்பும் சுக்கான். எங்கள் படகில் இவை இரண்டையும் கயிறு இழுத்து மேலே தூக்கலாம். தூக்கிவிட்டால் முழங்கால் ஆழமே போதும், படகு கரை மணலில் வந்து அமரும்.

அப்பாவை அழைத்துப் போக வேறு வழி இல்லை என்பதால்தான் இது முக்கியம். அவருக்கு வயது 74. ஒரு முட்டியில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். படகுத்துறையின் ஏணியில் இறங்குவது அவரால் ஆகாது. கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, படகின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே போட அவரால் முடியும். அதற்குப் படகு அவரிடம் வர வேண்டும். சுக்கான் உயர வேண்டும்.

அந்தச் சுக்கான்தான் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முரண்டு பிடித்தது.

பாதியில் நின்ற பலகை

அன்று நானும் நண்பர்களும் கடலில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கரைக்கு நூறு மீட்டர் இருக்கும்போது தூக்கும் கயிற்றை இழுத்தேன். பலகை பாதி எழுந்து, சாய்ந்த நிலையில் நின்றுவிட்டது. மேலும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

பாதியில் நிற்கும் சுக்கான், சுக்கான் இல்லாததைவிடத் தொல்லை. நேராக இறங்கி நின்றால், தண்ணீரின் அழுத்தம் பலகையின் திருப்பு அச்சுக்கு அருகிலேயே விழும். ஒரு விரலால் படகைத் திருப்பலாம். பலகை பின்னால் சாய்ந்துவிட்டால், அந்த அழுத்தம் அச்சிலிருந்து தூரமாகப் போய்விடுகிறது. கைப்பிடி கல்லாகக் கனக்கும். காற்று பலமாக இருந்தால், படகின் பின்புறத்தில் சுக்கானைத் தாங்கும் இணைப்புகளே பிய்ந்து வரக்கூடும்.

அன்று காற்று மென்மையாக இருந்தது. ஆனால் நீர் வடிந்துகொண்டிருந்தது. பலகையின் நுனி மணலைத் தொட்டதும் படகு நின்றது. நாங்கள் இறங்கினோம். கரையில் வலையை அலசிக்கொண்டிருந்த மலாய் மீனவர் ஒருவர் வந்து பார்த்தார். வயதில் பெரியவர், 'பாக் சிக்' என்று அழைத்தோம். பலகையோடு மல்லுக்கட்டாமல், சுக்கானை முழுதாகவே படகிலிருந்து கழற்றிவிடச் சொன்னார். சரியான யோசனை. இத்தகைய சுக்கான் கதவைப் போலக் கீலில்தான் தொங்குகிறது. தடுப்புக் கொக்கியை விடுவித்து மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். இருவர் படகைப் பிடிக்க, நான் தூக்கினேன். படகு மிதந்து ட்ரெய்லரில் ஏறியது.

மாமாவின் வைத்தியம்

சுக்கானை லுக்குட்டில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்குக் கொண்டு போனேன். செம்பனை ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்புறக் கொட்டகையில் இன்னும் ஒரு வைஸ், கிரைண்டர், பெயர் தெரியாத சாமான்கள் நிறைந்த பால்மாவு டின்கள் வைத்திருக்கிறார். கடல் படகில் அவர் ஏறியதில்லை. இரும்பின் குணம் தெரிந்தவர்.

முதலில் கயிறுகள் இரண்டையும் அவிழ்க்கச் சொன்னார். கயிறு உருளையில் சிக்கிக்கொண்டதா, பலகையே இறுகிவிட்டதா என்று பிரித்தறிய அதுதான் வழி. கயிறு இல்லாமல் கையால் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. நோய் கயிற்றில் இல்லை, மூட்டில்.

எங்கள் சுக்கானில் மரப்பலகை இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு இடையே நிற்கிறது. மூன்றையும் ஊடுருவி ஒரு எவர்சில்வர் போல்ட் போகிறது. அதுதான் மூட்டு. மாமா டார்ச் அடித்து இடுக்கைப் பார்த்தார். உள்ளே மணல், கல்லாக ஒட்டிய கொட்டலசுகள், போல்ட்டைச் சுற்றி மாவு பூத்ததுபோல வெள்ளைப் பொடி.

"இதுதான் மாப்ளே ஆளு" என்றார், அந்தப் பொடியைக் காட்டி.

இரும்புக்குச் சிவப்புத் துரு. அலுமினியத்துக்கு இந்த வெள்ளைப் பொடி. அலுமினியமும் எவர்சில்வரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், அது ஒரு சின்ன பேட்டரியாகிவிடுகிறது. அந்த மின்னோட்டத்தில் அலுமினியம் மெல்ல மெல்லக் கரையும். கரைந்தது பொடியாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும். எங்களிடம் வருவதற்கு முன் இந்தப் படகு பல மாதங்கள் கடலிலேயே மிதந்து கிடந்தது. இரண்டு உலோகங்களுக்கும் இடையே நைலான் வளையம் எதுவும் போடப்படவில்லை.

என் நண்பன் சுத்தியலை எடுத்தான். மாமா வாங்கி வைத்துவிட்டார். "அடிச்சா போல்ட்டு நுனி காளான் மாதிரி விரிஞ்சிடும். அப்புறம் அது ஓட்டை வழியா எப்படி வரும்? இது அவசரத்துக்கு வராது மாப்ளே."

அடுத்த இரண்டு நாள்களில் அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். பழைய துணியை வினிகரில் நனைத்து இடுக்கில் திணித்து ஓர் இரவு விட்டார். கொட்டலசின் ஓடு சுண்ணாம்பு, வினிகரில் இளகும். வெள்ளைப் பொடியும் கொஞ்சம் கரையும். மறுநாள் காலையிலேயே நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவினார். வினிகரை நாள்கணக்கில் விட்டால் அது அலுமினியத்தையே தின்னத் தொடங்கும். பிறகு, இறுகிய திருகுகளுக்கு அடிக்கும் ஊடுருவு எண்ணெயை போல்ட்டின் இரு முனைகளிலும் விட்டார். காத்திருந்தார். மாலையில் மறுபடியும் விட்டார்.

இரண்டாம் நாள் கெத்தில் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தகடுகளின் மேல் மெதுவாக ஊற்றினார். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எவர்சில்வரைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும். ஓட்டை ஒரு மயிரிழை பெரிதாகும், போல்ட் அந்த அளவுக்குப் பெருக்காது. உடனே ஸ்பேனரை மாட்டி, கழற்றும் பக்கம் ஒரு இம்மி, இறுக்கும் பக்கம் ஒரு இம்மி என்று அசைத்தார். மூன்றாவது கெத்தில் தண்ணீருக்கு 'கிர்ர்' என்று ஒரு சத்தம். போல்ட் திரும்பியது.

நட்டை முழுதாகக் கழற்றவில்லை. போல்ட் நுனிக்குச் சமமாக நிறுத்தி, அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினார். புரிகள் நசுங்காமல் இருக்க அதுதான் பாதுகாப்பு. கொஞ்சம் நகர்ந்த பிறகு நட்டை எடுத்துவிட்டு, மெல்லிய கம்பியால் தள்ளினார். போல்ட் வெளியே வந்தது.

ஊறிப்போன மரம்

பலகையை உருவியபோதுதான் இரண்டாவது நோய் தெரிந்தது. போல்ட் போகும் ஓட்டையின் உள்ளே வார்னிஷ் தேய்ந்து, தண்ணீர் மரத்துக்குள் இறங்கியிருந்தது. பலகை அந்த இடத்தில் ஊறிப் புடைத்திருந்தது. மூட்டை மட்டும் சரிசெய்து மாட்டியிருந்தால், சில வாரங்களில் மறுபடியும் தகடுகளுக்கு இடையே இறுகியிருக்கும்.

வெயிலில் காயவைக்கலாமா என்று கேட்டேன். மாமா தலையாட்டினார். மேல்பகுதி சீக்கிரம் காய்ந்து, உள்ளே ஈரமாக இருந்தால் மரம் வெடிக்கும். கொட்டகையின் நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு வாரம் நிறுத்தினார். புடைப்பு வற்றியது. உப்புத்தாளால் தேய்த்து, ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி எப்பாக்ஸியால் அடைத்து, அது இறுகிய பிறகு அதன் நடுவே மீண்டும் துளையிட்டார். இனி போல்ட்டைச் சுற்றி மரம் இல்லை, எப்பாக்ஸிதான். தண்ணீர் உள்ளே போக வழி கிடையாது.

மாட்டும்போது தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் நைலான் வளையங்கள். போல்ட் தகட்டைத் தொடும் இடத்தில் நைலான் குழாய். எல்லாவற்றிலும் கடல் படகுகளுக்கான கிரீஸ். புதிய போல்ட், அதிர்வில் தளராத நட். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு மாமா சொன்ன அளவு எளிமையானது: பலகை ஆடக் கூடாது, ஆனால் ஒரு கையால் தள்ளினால் நகர வேண்டும். புதிய கயிறுகளையும் கோத்தோம்.

மொத்தச் செலவு இருநூறு ரிங்கிட்டைத் தொடவில்லை. மாமா கூலி வாங்கவில்லை. அப்பாவைக் கூட்டிப் போகும்போது தன்னையும் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். தண்ணீர் என்றால் அவருக்குப் பயம்.

முனைக்கு அந்தப் பக்கம்

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. கடல் அமைதி, வானம் தெளிவு. காலை பத்து மணிக்கு அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, உயிர்காப்பு மேலங்கியோடு முழங்கால் தண்ணீரில் நின்றார். கயிற்றை இழுத்தேன். சுக்கான் முழுதாக எழுந்தது. படகு அவர் இடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. விளிம்பில் உட்கார்ந்தார். ஒரு காலை அவரே தூக்கி வைத்தார், முட்டி வலிக்கும் காலை நான் தூக்கி வைத்தேன்.

ஆழம் வந்ததும் பலகையை இறக்கி, பாயை ஏற்றினோம். எந்திரச் சத்தம் இல்லாமல் ஒரு வாகனம் நகர்வது அப்பாவுக்குப் புதிது. சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கரையில் தெரிந்த ஒவ்வொரு கட்டடத்தையும் என்னவென்று கேட்டார்.

தஞ்சோங் துவான், ஊரிலிருந்து தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காட்டுக் குன்று. நெகிரி செம்பிலான் சூழ்ந்திருந்தாலும் அந்த நிலம் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். போர்த்துகீசியர்கள் இதை 'கேப் ரச்சாடோ' என்றார்கள். 1606-ல் இந்த முனைக்கு வெளியேதான் டச்சுக் கப்பல்களும் போர்த்துகீசியக் கப்பல்களும் மோதிக்கொண்டன. உச்சியில் இருக்கும் கலங்கரை விளக்கம் 1863-ல் கட்டப்பட்டது. கரையில் இருந்து நடந்தால் மரங்களுக்கு இடையே திடீரென்றுதான் கண்ணில் படும். கடலில் இருந்து பார்த்தால் பச்சைக் குன்றின் மேல் வெள்ளையாக, வழி முழுக்கக் கூடவே வரும்.

முனையை நெருங்கியபோது அப்பாதான் முதலில் பார்த்தார். சுமத்ரா பக்கமிருந்து, தண்ணீருக்குச் சற்று மேலே, கனத்த இறக்கைகளை அடித்துக்கொண்டு பருந்துகள் வந்தன. ஒன்று, மூன்று, பிறகு ஒரு கூட்டம். தேன் பருந்துகள். ஆண்டுதோறும் மார்ச்சில் வடக்கே திரும்பும் வழியில், நீரிணை குறுகலாக இருக்கும் இந்த இடத்தில் கடலைக் கடக்கின்றன. நிலத்தின் மேல் எழும் வெப்பக் காற்றில் அவை இறக்கையை அசைக்காமலே உயரப் போகும். கடலின் மேல் அந்தக் காற்று கிடைப்பது அரிது. அதனால் களைத்துத் தாழ்ந்து வரும். குன்றின் மேல் வந்து சேர்ந்ததும் வெப்பக் காற்றைப் பிடித்து, வட்டமிட்டு வட்டமிட்டு மேலே எழும். அந்த மாதம் பறவை பார்ப்பதற்கென்றே கலங்கரை விளக்கத்தடியில் கூட்டம் கூடும். நாங்கள் பறவைகளோடு கடல் பக்கமிருந்து கரையைப் பார்த்தோம்.

"இம்புட்டு தூரம் வந்து கரையைத் தொடுறப்போ எப்படி இருக்கும் அதுக்கு" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மாவை இங்கிட்டுத்தானே விட்டோம்" என்றார். அவர் பார்த்தது கரையோரத்தை அல்ல, எங்கள் படகைச் சுற்றியிருந்த தண்ணீரை. கையை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

மதியம் திரும்பும்போது நீர் நன்றாக வடிந்திருந்தது. மணல்திட்டு ஒன்றை உரசியபோது, சுக்கான் தானாகவே மேலே உதைத்துக்கொண்டது. தரை தட்டினால் கயிற்றுப் பிடி விடுபடும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். ஜனவரியில் இறுகிக் கிடந்த பலகை இப்படி எழுந்திருக்காது. அதன் முழு வேகமும் இணைப்புகளில் விழுந்திருக்கும். படகு அலுங்காமல் மணலில் ஏறியது. அப்பா ஏறியபடியே இறங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு

சிறு படகு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சுக்கானைக் கழற்றி, மூட்டில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பத்து நிமிட வேலை. சில மாதங்களுக்கு ஒருமுறை போல்ட்டை உருவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அன்றே துடைத்து கிரீஸ் பூசுங்கள். பலகையின் வார்னிஷைவிட ஓட்டையின் உட்புறத்தைக் கவனியுங்கள். கடலுக்குள் இறங்குவதற்கு முன், ட்ரெய்லரில் இருக்கும்போதே ஒருமுறை பலகையைத் தூக்கி இறக்கிப் பாருங்கள்.

புறப்படும் முன் பாசாங் சூருட் அட்டவணையைப் பார்ப்பது அவசியம். கடற்படையின் நீரளவியல் மையம் ஆண்டுதோறும் அதை வெளியிடுகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் போர்ட்டிக்சனில் நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையிலும் காலையிலும் 'சுமத்ரா' எனப்படும் திடீர்க் காற்றுமழை மேற்கிலிருந்து வரலாம். மேற்கு வானம் கறுத்தால் கரையிலேயே இருங்கள். முனைக்கு அருகே நீரோட்டம் வேகமானது, வெளியே பெரிய கப்பல்களின் பாதை. மேலங்கி இல்லாமல் யாரும் ஏறக் கூடாது.

படகு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மார்ச்சில் ஒரு காலையில் தஞ்சோங் துவான் காட்டுக்குள் நடந்து கலங்கரை விளக்கத்தை அடையுங்கள். ஏற்றம் கொஞ்சம் உண்டு, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். பத்து மணி வாக்கில் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால், களைத்து வரும் பருந்துகள் தலைக்கு மேலே எழுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.